ஒற்றை நாற்று நடவு பிறந்த மடகாஸ்கரிலேயே அது ஏன் பரவவில்லை?

வரப்போரம்:
நம்மூரில் திருந்திய நெல் சாகுபடி என்று சொல்வது மடகாஸ்கரில் பிறந்த முறை என்கிறார்கள். அந்நாட்டு மக்களுக்கும் சோறுதான் உயிர். அப்படியிருந்தும் அங்கே பெரும்பாலானோர் பழைய நடவை விடவில்லையாம். காரணம் என்ன? அசல் முறையில் எது முக்கியம்?

மேட்டுநில நெல்:
பிறந்தது அங்கேதான். ஆன்றி தெ லோலானியே என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் 1961-இல் மடகாஸ்கர் போனவர். அன்ட்சிராபேயில் அவர் நடத்திய பண்ணைப் பள்ளியில், 1983-இல் 15 நாள் நாற்றை ஒற்றையாக, 25 செ.மீ. இடைவெளியில் நட்டார்கள். முதல் மாதம் வயல் வெறிச்சென்றுதான் கிடந்தது. பிறகு தூர் (செடியின் அடியில் வரும் பக்கக் கிளைப்பு) வெடித்துக் கிளம்பியது. அவரும் நண்பர்களும் 1990-இல் தொடங்கிய தெஃபி சைனா அமைப்புதான் இதை ஊர் ஊராகக் கொண்டுபோனது.

நாள் கணக்கைவிட இலைக் கணக்கு முக்கியம். அன்ட்சிராபே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரக் குளிர்ப் பகுதி, அங்கே இலை மெதுவாகத்தான் விடும். நம் வெயிலில் 14 நாளிலேயே மூன்றாம் இலை வந்துவிடும். நான்காவது இலை விரியும் முன் நட்டுவிட வேண்டும். தாமதித்தால் முதல் தூர்களும், அவற்றிலிருந்து கிளைக்க வேண்டியவையும் போய்விடும்.

நாற்றை இழுத்துப் பிடுங்காமல் விதையும் மண்ணுமாக அள்ளி, அரை மணிக்குள் நடுங்கள். ஆழம் 1 முதல் 2 செ.மீ. போதும். வேர் பக்கவாட்டில் படுக்க வேண்டும். மேலிருந்து குத்தி அழுத்தினால் வேர்நுனி மேல்நோக்கி மடங்கி, செடி பச்சை பிடிக்கவே பல நாள் ஆகும்.

செம்மண் காடு:
ஏன் பரவவில்லை என்பதற்கு என் பதில்: ஆள், பணம், நீர். விவசாயிகளைச் சோம்பேறிகள் என்று எழுதுகிறவர்கள் அந்நாட்டின் பஞ்ச மாதங்களை மறந்துவிடுகிறார்கள். பழைய அறுவடை நெல் தீர்ந்து, புது நெல் வரும்வரை ஏழை வீட்டில் அரிசி இருக்காது. நடவும் களையெடுப்பும் அதையொட்டித்தான் வருகின்றன. அன்றன்றைய கூலிக்கு அடுத்தவர் வயலுக்குப் போனால்தான் அடுப்பு எரியும்; சொந்த நாற்றங்காலில் நாற்று முற்றிவிடும். சில ஆண்டு செய்துவிட்டுக் கைவிட்டவர்களும் நிறைய.

நீரும் அவர்கள் கையில் இல்லை. பள்ளத்தாக்கில் படிப்படியாக இறங்கும் வயல்களில் மேல்வயல் நீர்தான் கீழ்வயலுக்கு. இம்முறையில் வயலை இடையிடையே காயவிட வேண்டும்; அதை ஒருவர் மட்டும் நினைத்த நாளில் செய்ய முடியாது. திமில் மாடுகளை விட்டு மிதித்துச் சேறாக்கும் வயல்களில் மேடுபள்ளமும் தங்கிவிடும். பள்ளத்தில் விழுந்த இளநாற்று அழுகும்.

இதில் காடும் அடங்கியிருக்கிறது. மழைக்காட்டை எரித்து மலைச்சரிவில் நெல் விதைக்கும் தாவி முறையில் ஓரிரு போகத்துக்குப் பிறகு மண்ணின் சத்து தீர்ந்துவிடும், வேறு சரிவைத் தேட வேண்டும். 1991-இல் ரனோமஃபனா தேசியப் பூங்கா அமைந்தது. பொன்மூங்கில் லெமூர் என்ற, குரங்கை ஒத்த விலங்கின் வீடு அது. அதைச் சுற்றியிருந்த ஊர்களில் இம்முறையைச் சொல்லிக்கொடுத்ததன் நோக்கமே, பள்ளத்து வயலில் கூடுதலாக விளைந்தால் சரிவை எரிக்கத் தேவையிராது என்பதுதான். நல்ல நோக்கம், ஆனால் பள்ளத்தில் வயல் இல்லாத குடும்பத்துக்கு அது என்ன செய்யும்?

வரப்போரம்:
நன்றிங்க. ஏக்கருக்கு விதை, நீர், களைக் கணக்கும் சொல்ல முடியுமா?

மேட்டுநில நெல்:
தமிழ்நாட்டுப் பரிந்துரைப்படி ஏக்கருக்கு 3 கிலோ விதை, ஒரு சென்ட் நாற்றங்கால். இடைவெளி 22.5 செ.மீ., சதுர மீட்டருக்குச் சுமார் 20 குத்து (நாற்று நடும் இடம்), 25 செ.மீ. என்றால் 16.

மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் 2.5 செ.மீ. நீர் கட்டுங்கள். விரல் நுழையும் அளவுக்கு வெடிக்க விட்டால் வேர் அறும், அடுத்துக் கட்டும் நீரும் வெடிப்பு வழியே இறங்கிவிடும். கதிர் உருவாகத் தொடங்கியதும் காயப்போடுவதை நிறுத்தி, மெல்லிய நீர் நிற்க விடுங்கள். உவர் நிலத்தில் காயவிட்டால் உப்பு மேலேறும், அங்கே இந்த முறை வேண்டாம்.

நீர் நிற்காத வயலில் களை கொப்பளித்து வரும். நட்ட 10-ஆம் நாள் கோனோ வீடர் என்ற தள்ளி ஓட்டும் களைக் கருவியை இறக்கி, பிறகு 10 நாளுக்கு ஒருமுறையாக மொத்தம் நான்கு முறை, குறுக்கும் நெடுக்கும் ஓட்டுங்கள். வரிசை சதுரமாக இல்லாவிட்டால் குறுக்கே ஓடாது. முதல் ஓட்டம் தவறினால் களை வேர்பிடித்துவிடும், அப்புறம் கருவிக்கு மசியாது, கையால்தான் பறிக்க வேண்டும்.