புதுப்பிப்பு: ஃபைபர் போட்ல 12 கடல் மைல் போயிட்டு வந்தாச்சு

போன வாரம் நாகப்பட்டினத்துலேர்ந்து ஒத்த எஞ்சின் ஃபைபர் போட்ல 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் போலாமான்னு கேட்டிருந்தேன்ல, போயிட்டு வந்துட்டேன். மூணுல ஒரு பங்கு எண்ணெய் போறதுக்கு, ஒரு பங்கு வர்றதுக்கு, ஒரு பங்கு தொடவே கூடாதுன்னு சொன்ன அண்ணனுக்கு கும்புடு. போறப்ப கச்சான், அதாவது மேற்கேர்ந்து அடிக்கிற காத்து, பின்னாடி தள்ளிவிட்டுச்சு, திரும்புறப்ப அதே காத்து மூஞ்சில அடிச்சு எண்ணெய குடிச்சுது பாருங்க, மூணாவது பங்குல கைவச்சுத்தான் கரை சேர்ந்தோம்.

நடுவுல எஞ்சின் வேற நின்னுபோச்சு. எண்ணெய்ல தண்ணி. உடனே அணியத்துல, அதாவது போட்டோட முன்பக்கம், நங்கூரம் போட்டோம், பின்பக்கம் கட்டியிருந்தா அலை நேரா உள்ள ஏறியிருக்கும். ஃபில்டர கழுவி ஸ்பார்க் பிளக் மாத்துனதும் கிளம்பிருச்சு. 1554 கோஸ்ட் கார்டு நம்பர் போன்ல இருந்துச்சுதான், ஆனா அங்க சிக்னலே இல்ல. அதனால அடுத்த தடவைக்கு முன்னாடி விஎச்எஃப் ரேடியோ வாங்கணும், அவசரத்துக்கு சேனல் 16. கிளம்புறப்ப இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையத்தோட அலை அறிவிப்பு பாத்துட்டு, திரும்புற நேரத்த மச்சான்கிட்ட சொல்லிட்டுதான் போனேன். ஒரு மணி நேரம் லேட்டு, செம திட்டு.

மீனா? ரெண்டு கூடை சூரை, அவ்ளோதான்.