பாலி மர்ரேயைப் பற்றித் தமிழில் எழுத: ‘அவர்’ மட்டும் போதுமா?

தேன்சிட்டு:
துணி துவைக்கும் மெஷினுக்குச் சில்லறை பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு 25 சென்ட் நாணயத்தில், வாஷிங்டனுக்கு மறுபக்கம், கண்ணாடி போட்ட ஒரு முகம். யாரென்று புரட்டிப் பார்த்தால் பாலி மர்ரே, அமெரிக்கக் கறுப்பின வக்கீல், உரிமைப் போராளி. அமெரிக்கப் பெண்கள் வரிசையில் 2024-இல் வந்தது. மெஷினில் போட மனசு வரவில்லை.

அப்புறம் இரண்டு வாரம் அவரைப் பற்றியேதான் படித்தேன். எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் தருவதாகவும் ஒத்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்ததும் சிக்கல்.

1910-இல் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ஆனா பாலின். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அவரே பாலி ஆக்கிக்கொண்டார். இளம் வயதில் பையனைப் போல உடுத்திச் சரக்கு ரயிலேறிப் போயிருக்கிறார். ஆல்பத்தில் தன் படமொன்றுக்குக் கீழே, நம் ஊரில் ‘மைனர்’ என்போமே, அந்த அர்த்தத்தில் ஒரு சொல். ஆண் ஹார்மோன் கேட்டு டாக்டர் டாக்டராக அலைந்திருக்கிறார், மறுத்துவிட்டார்கள்.

ஆங்கிலத்தில் ஷீயா, ஹீயா, தேயா என்று சண்டை. தமிழில் அவர், வந்தார், எழுதினார். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் 1977-இல் எபிஸ்கோபல் என்ற கிறிஸ்தவத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற ‘முதல் கறுப்பினப் பெண்’ என்ற வரியில் பேனா நின்றுவிட்டது. ‘திருநம்பி’ (பெண் என்று பதியப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்) என்று எழுதலாமா? எழுதாவிட்டால் மறைத்ததாகிவிடுமா?

பழைய வக்கீல்:
எந்தச் சொல் போட்டாலும் சரி, மர்ரே மாணவராக எழுதிய கட்டுரையை விட்டுவிடாதீர்கள். கறுப்பின மாணவர்கள் படித்த ஹோவர்ட் சட்டக் கல்லூரியில் (ஹார்வர்ட் அல்ல) எழுதியது. கறுப்பரையும் வெள்ளையரையும் ‘பிரித்து வைத்தாலும் சமம்’ என்ற 1896-ஆம் ஆண்டு பிளெஸ்ஸி தீர்ப்பு அப்போது அமலில் இருந்தது. ‘சமம் எங்கே, காட்டு’ என்று கேட்டு வழக்குப் போடுவதுதான் அன்றைய உத்தி. மர்ரே, பிரிப்பதே தப்பு என்று நேராக மோதவேண்டும் என்றார். வகுப்பே சிரித்தது. 25 வருஷத்துக்குள் தீர்ப்பு கவிழும் என்று பேராசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனோடு 10 டாலர் பந்தயமும் கட்டினார். 1954-இல், பள்ளிகளில் நிறப்பிரிவினையை எதிர்த்த பிரவுன் வழக்கில் கவிழ்ந்தது. அதை நடத்திய குழுவில் ராபின்சனும் ஒருவர். மாணவரின் பழைய கட்டுரையை அவர் தேடியெடுத்துப் பயன்படுத்தியிருந்தார். மர்ரேக்கு இது தெரிய வந்தது பல வருஷம் கழித்துத்தான்.

இன்னொன்று. 1944-இல் வகுப்பிலேயே முதலிடம். மேல்படிப்புக்கு ஹார்வர்டில் விண்ணப்பித்தால், உங்கள் பாலினத்துக்கு இங்கே இடமில்லை என்று பதில் வந்தது. மர்ரே திருப்பி எழுதினார்: உங்களுக்காகப் பாலினத்தை மாற்றிக்கொள்ளச் சந்தோஷமாகச் சம்மதிப்பேன், அதற்கான வழிதான் எனக்குப் புலப்படவில்லை, அதனால் நீங்கள் மனதை மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலில் இதை நல்ல நக்கல் என்று சொல்லிச் சிரிப்போம். ஹார்மோனுக்காக அலைந்த கதை தெரிந்தபின் மறுபடி படித்தேன். சிரிப்பு வரவில்லை.

நூலகத் திண்ணை:
வக்கீல் சொன்னதில் ஒரு தொடர்ச்சி: சேர்க்க மறுத்த அதே ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்தில்தான் மர்ரேயின் காகிதங்கள் இன்று பெட்டி பெட்டியாக இருக்கின்றன. டாக்டர்களிடம் கேட்ட கேள்விகளும் அதில் உண்டு. கிழித்துப் போடவில்லை, கவனிக்கவும். அதனால் அந்தப் பகுதியை நீங்கள் தாராளமாக எழுதலாம்.

ஆனால் திருநம்பி என்று முத்திரை குத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஊரறிய மர்ரே அப்படித் தன்னை அழைத்துக்கொண்டதில்லை. ‘பெண்’ என்ற சொல்லை அடியோடு எடுக்கவும் முடியாது. நிறவெறிச் சட்டங்களை ஜிம் க்ரோ என்றார்கள் அல்லவா, பெண்ணென்று பார்த்துத் தன்மேல் விழுந்த அடிக்கு ‘ஜேன் க்ரோ’ என்று பெயர் வைத்தவரே மர்ரேதான். கறுப்பினத்தவர் உரிமைக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணியை ஒட்டிக் கறுப்பினப் பெண்களை ஓரங்கட்டியதற்காகத் தன் பக்கத்துத் தலைவர்களையே கடிதம் எழுதிக் கேட்டார். ஆண்களுக்கு முன்னுரிமை தந்த ஒரு சட்டத்தை எதிர்த்த 1971 ரீட் வழக்கில், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க் தாக்கல் செய்த வாதவுரையில் மர்ரேயின் பெயரும் இருக்கும். அதற்காக அவர் ஒரு வரிகூட எழுதவில்லை; மர்ரேயின் கருத்துகளுக்குப் பட்ட கடனுக்காகக் கின்ஸ்பர்க் சேர்த்த பெயர் அது.

கிழக்கு வாசல்:
பிள்ளைகள் படிக்கப்போகிற மலர்தானே? பஸ்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். 1940, வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க். மர்ரேயும் தோழி ஒருவரும் பின்னால் இருந்த உடைந்த இருக்கைக்குப் போகமாட்டோம் என்றார்கள், கைது. பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துப் பேர்பெற்ற ரோசா பார்க்ஸுக்கு 15 வருஷம் முன்னால். காந்தியின் சத்தியாகிரகம் பற்றிப் படித்திருந்ததைச் சிறையில் முயன்று பார்த்தார்கள்.

தேன்சிட்டு:
சரி, பஸ்ஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ‘முதல் பெண்’ வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: “1977-இல் குருப்பட்டம் பெற்றார், கறுப்பினப் பெண்களில் முதல்வர் என்று திருச்சபை அவரைப் பதிந்துகொண்டது.” பதிந்தது யார் என்பது தெரிந்துவிடும். ஹார்மோன் பத்தி இருக்கிறது. இன்று பலர் அவரைத் திருநராகப் பார்க்கிறார்கள் என்று ஒரு வரி, தலைப்பில் அல்ல, உள்ளே. ஹார்வர்ட் கடிதத்தை அதற்கு அடுத்து வைத்தேன், விளக்கம் எதுவும் சேர்க்காமல்.

மலர் வெளியிடும் நாளன்று பிள்ளைகள் தொட்டுப் பார்க்க நாணயத்தைக் கொண்டுபோகிறேன். அதுவரை துணிக்கு வேறு சில்லறை.