உளவாளிகளின் வாரிசுகள்: மாணவர்களுக்கு எந்தக் கார்ட்டூன் ஏற்றது?

கேள்வி (ஆசிரியை, பென்னாகரம்):
எங்கள் பள்ளியில் மாணவர்களுக்குக் கார்ட்டூன் ஒன்றைத் திரையிட்டு, அதன்பின் அவர்களையே கதை எழுதச் சொல்ல விரும்புகிறோம். புகழ்பெற்ற உளவாளிகளின் இளைய உறவினர்களை நாயகர்களாகக் கொண்ட தொடர்கள் பத்து வயதினருக்குப் பொருந்துமா?

பதில் (வாசகர், ஓசூர்):
வணக்கம் அம்மா. 1991இல் வெளிவந்த 'ஜேம்ஸ் பாண்ட் ஜூனியர்' தொடரை முதலில் பாருங்கள். நாயகன் பாண்டின் உடன்பிறந்தவரின் மகன். வார்ஃபீல்டு அகாடமி என்னும் பள்ளியில் படித்துக்கொண்டே, ஸ்கம் என்ற தீய கூட்டத்தை எதிர்க்கிறான். கருவிகளை உருவாக்கும் கியூவின் பேரனும், பாண்டின் அமெரிக்க உளவாளி நண்பரான ஃபீலிக்ஸ் லைட்டரின் மகனும் அவனுடைய நண்பர்கள். 1989க்கும் 1995க்கும் இடையே பாண்ட் திரைப்படம் எதுவும் வராத காலத்தில் தோன்றிய இத்தொடர், 65 பகுதிகளோடு நின்றுவிட்டது. பெரியவர்களின் படங்களில் மிரட்டிய ஜாஸ், ஆட்ஜாப் போன்ற வில்லன்களும் இதில் வருகிறார்கள். ஆனால், என் கருத்தில், அவர்கள் பயமுறுத்துவதைவிடச் சிரிக்கவே வைக்கிறார்கள்.

பதில் (வாசகி, காவேரிப்பட்டினம்):
உளவாளி என்பதைச் சற்றுத் தளர்த்தி, துப்பறிவாளரையும் சேர்த்துக்கொள்ளலாமென்றால், 1983இல் தொடங்கிய 'இன்ஸ்பெக்டர் கேட்ஜெட்' இதைவிடச் சிறந்தது என்பேன். உடலெங்கும் கருவிகள் பொருத்தப்பட்ட இன்ஸ்பெக்டர் தடுமாறிக்கொண்டிருக்க, அவருடைய உறவுப் பெண் பென்னி, புத்தக வடிவிலான தன் கணினியையும் பிரெய்ன் என்ற நாயையும் கொண்டு வழக்கை முடித்துவைக்கிறாள். பாராட்டோ அவருக்கே போகிறது. அந்த அநீதியைக் குழந்தைகள் உடனே கவனிப்பார்கள். பென்னியின் பார்வையில் ஒரு வழக்கை எழுதச் சொல்லுங்கள். குறிப்பாக மாணவிகள் ஆர்வத்தோடு எழுதுவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆசிரியை:
மிக்க நன்றி. பென்னியிலிருந்தே தொடங்குகிறோம்.