"குடும்பப் பிரச்சினைதானே" என்று திருப்பி அனுப்பினார்களா?

திருகோணமலை லிங்கநகரிலிருந்து:

கணவன் அடிக்கிறான் என்று முறையிடப் போனபோது, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று பொலிஸில் சொன்னதும் வீடு திரும்பியதாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். என் சித்தியின் மகளுக்கும் அதுவே நடந்தது. முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிவிட்டு, கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார் உத்தியோகத்தர். வளையல் கழற்ற முடியாதபடி அவள் கை வீங்கியிருந்தது. "வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையெழுத்து வைக்கமாட்டேன், ஐயா" என்றாள். வீட்டில் வாய் திறக்காத பிள்ளை! தமிழில் முறைப்பாடு கொடுப்பது அவளுடைய உரிமை. தமிழ் தெரிந்த ஒருவர் வந்து எழுதும்வரை இருந்தோம். ஆனால் கணவனைக் கூப்பிட்டுப் புத்திமதி சொல்லி அனுப்பியதோடு சரி.

பிறகு சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனோம். இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எதற்கென்று அங்கேதான் விளங்கியது. விவாகரத்துக் கேட்க வேண்டியதில்லை, அவனைச் சிறையில் போடும் வழக்கும் இல்லை. பொலிஸ் அசையாவிட்டாலும் பாதிக்கப்பட்டவரே, அடிப்பவனைத் தள்ளி நிறுத்தும் பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். 14 நாட்களுக்குள் விசாரணைக்கு எடுக்க வேண்டும். அவசரமென்றால் அதற்கு முன்பே இடைக்காலக் கட்டளை கிடைக்கும். பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். அடித்ததற்கு மட்டுமல்ல, மனத்தை வதைத்ததற்கும் கேட்கலாம்.

அவள் பழைய கலண்டர் தாள்களின் பின்புறத்தில் திகதி போட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள். சத்தியக்கடதாசி எழுதும்போது சட்டத்தரணி அந்தத் தாள்களைத்தான் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கட்டளை கிடைத்த பிறகும் அவன் படலையடியில் வந்து நின்றான். கட்டளையின் பிரதியைக் காட்டியதும் அதே பொலிஸ் உடனே வந்தது. மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். இன்றைய விலைவாசியில் அந்தப் பத்தாயிரத்துக்கு எவன் பயப்படுவான் என்பது வேறு கதை.

மூதூரிலிருந்து:

எங்கள் ராத்தா விடயத்தில், எல்லாம் முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் காதியாரிடம்தான் பேச வேண்டும் என்று ஊரே சொன்னது. விவாகரத்துக்கும் தாபரிப்புக்கும் காதி நீதிமன்றம் சரி. அடியிலிருந்து காப்பாற்றும் கட்டளையை நீதவான்தான் தருவார். எந்த மதத்தவருக்கும் அதே சட்டம். இதைச் சொன்னவர் பிரதேச செயலகத்து மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர். ஆஸ்பத்திரியில், வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் 'நட்பு நிலையம்' இருக்கிறதா என்று கேளுங்கள் என்றவரும் அவரே. காயத்துக்கு மருந்து கட்டியதோடு, யார் அடித்தது என்று கதவைச் சாத்திக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்கள். ராத்தா முதன்முதலாக உண்மையைச் சொன்னது அங்கேதான்.

நிலாவெளியிலிருந்து:

அடியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறீர்கள். என் தோழிக்கு நடந்தது வேறு. நீதிமன்றம் பிரித்து வைத்த தம்பதியாக இருந்தால் ஒழிய, கணவன் பலவந்தப்படுத்துவதைத் தண்டனைச் சட்டக்கோவை வன்புணர்வாகக் கொள்வதில்லை. 1995இல் திருத்தியவர்கள் அதற்கு மேல் போகவில்லை. பாதுகாப்புக் கட்டளை பெற்று, அவனை வீட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறாள். வன்புணர்வு வழக்கென்று போட அவளுக்கு வழியில்லை.