எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சையும் எங்கள் பிள்ளைகளின் மனமும்: அனுபவப் பகிர்வு

கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்:

என் மகளுக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை நடந்தபோது வயது 17, நிறை 121 கிலோ. நீரிழிவு தொடங்கியிருந்தது, இரவில் மூச்சுத் தடைப்பட்டுத் திடுக்கிட்டு எழும்புவாள். நாள் குறித்துத் தருவார் என்று நம்பிக் கொழும்புக்குப் போன எங்களைச் சத்திரசிகிச்சை நிபுணர் முதலில் ஓர் உளவியலாளரிடம் அனுப்பியபோது, "பிள்ளைக்கு விசர் எண்டோ நினைக்கினம்?" என்று என் கணவர் கொதித்துப்போனார். எனக்கும் மனம் ஒப்பவில்லை.

உளவியலாளர் மகளிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டவர், "அம்மா, கொஞ்ச நேரம் வெளியில இருங்கோ, நான் பிள்ளையோட தனியக் கதைக்கவேணும்" என்றார். நாற்பது நிமிடங்கள் வாங்கில் இருந்தேன். பின்னர், மகளின் சம்மதத்துடன், எனக்குச் சொன்னார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு ரியூசன் போன காலத்தில் பொடியங்கள் வைத்த பட்டப்பெயரைத் தாங்கமாட்டாமல், நாங்கள் படுத்த பிறகு, குசினி விளக்கைப் போடாமலே ஒரு முழுப் பாணையும் சீனி தொட்டுத் தின்று முடிப்பாளாம். காலையில் பாணைக் காணவில்லை என்று எத்தனையோ நாள் அவளுடைய தம்பியை ஏசியிருக்கிறேன்.

சத்திரசிகிச்சை ஐந்து மாதங்கள் தள்ளிப்போனது. இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி அகற்றலாம்; ஆனால் இருட்டில் தின்ன வைத்த துயரம் அதோடு போய்விடாது என்பதை அந்த ஐந்து மாதங்களில்தான் விளங்கிக்கொண்டேன்.

முதலாவது ஆண்டில் 38 கிலோ குறைந்தது. நல்லூர்த் திருவிழாவில் கண்ட சொந்தக்காரர் ஒருவர், "இப்பதான் எங்கட பிள்ளை மாதிரி இருக்கிறாய்" என்று கன்னத்தைத் தடவினார். பாராட்டென்றே நானும் சிரித்தேன். அன்றிரவு மகள் கேட்டாள்: "அப்ப முந்தி நான் ஆற்ற பிள்ளை?"

எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணி, இரவு முழுவதும் பேருந்தில் இருந்து போகும் அலைச்சலுக்கும் பயந்து, கொழும்புக்குப் போவதை அப்போது நிறுத்தியிருந்தோம். அது எங்கள் பெரிய பிழை. இரண்டாவது ஆண்டில் எடை இறங்குவது நின்றது. கைகளில் தோல் தொங்கியது. எங்களோடு ஒன்றாக இருந்து சாப்பிடுவதைத் தவிர்த்தாள். இங்குள்ள உளநலக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்கையில், தெரிந்தவர்கள் காண்பார்களோ என்று சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்தேன். "சீனி வருத்தத்துக்கு வரேக்க இப்பிடி மூடினீங்களே அம்மா?" என்றாள்.

சுவீடனில் 2006 முதல் 2009 வரை 13 தொடக்கம் 18 வயதுடைய 81 பேருக்கு இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சை (இரைப்பையின் பெரும் பகுதியைத் தவிர்த்து உணவு நேரே சிறுகுடலுக்குப் போக வழி அமைப்பது) செய்து, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள் என்று அந்தக் கிளினிக்கில் இருந்த வைத்தியர் சொன்னார். எடை நன்றாகக் குறைந்தும், உளநல சிகிச்சைக்கான தேவை குறையவில்லையாம். இதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே எங்களுக்கு விளக்கியிருந்தால் நாங்கள் இடையில் விட்டிருக்கமாட்டோம்.

சாவகச்சேரியிலிருந்து ஓர் இளைஞர்:

அம்மா, உங்களை வெளியே இருக்கச் சொன்ன அந்த உளவியலாளரைப் போல் எனக்கு ஒருவர் வாய்க்கவில்லை. 18 வயதில் எனக்கு இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சை செய்தார்கள். குடிப்பழக்கம் உண்டோ என்று கேட்டபோது அப்பா பக்கத்தில் இருந்தார், இல்லை என்றேன். அந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மதுபானம் மிக விரைவாக இரத்தத்தில் ஏறும் என்பது எனக்குத் தெரியாது. முன்பு சாப்பாட்டில் தேடிய ஆறுதலைப் போத்தலில் தேடத் தொடங்கினேன். நண்பர்கள் ஒரு போத்தல் முடிப்பதற்குள் நான் நிலை தடுமாறிவிடுவேன். விற்றமின் குளிசைகளையும் கைவிட்டிருந்தேன்.

என் கால்கள் விறைப்பதைக் கண்டு அக்காதான் வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். வைத்தியர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிட்டு, அக்காவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தி, "இரவில என்ன செய்யிறனீர் தம்பி?" என்று கேட்டார். அன்றுதான் அழுதேன். இப்போது 24 வயது. மாதம் ஒருமுறை உளவளத்துணையாளரிடம் போகிறேன். இடையில் நெருக்கடி வரும் இரவுகளுக்காக, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அக்கா என் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறார்.