ஆன்லைன் மீட்டிங்கில் எதிரொலி: வழி சொல்லுங்களேன்
வணக்கம் நண்பர்களே. எங்கள் வாராந்திர மீட்டிங்கில் ஆறு பேர் ஒரே அறையில், நான்கு பேர் அவரவர் வீட்டில். அறையில் இரண்டு லேப்டாப்பின் மைக் திறந்திருந்தால் போதும், ஒன்றின் ஸ்பீக்கர் சத்தத்தை மற்றொன்று பிடித்து ஊளையிட ஆரம்பித்துவிடும். சரி என்று ஒரே லேப்டாப்பை வைத்துப் பார்த்தோம். மேசைக் கோடியில் இருப்பவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதாம். வீட்டில் இருப்பவர்கள்தான் பாவம்.

மேசை நடுவில் வைக்கும் ஸ்பீக்கர்போன் வாங்கலாமா, எல்லாரும் தனித்தனி ஹெட்செட்டோடு சேர்வதே மேலா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், இலவசக் கணக்கில் குழுவாகப் பேச ஜூமில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் 60 நிமிடம்தான். எங்களுக்கு ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். மீட்டிங்கை நடத்துபவர் ஒருவருக்கு மட்டும் கட்டணக் கணக்கு எடுத்துச் சமாளிப்பவர்கள் இருக்கிறீர்களா? அவர் விடுப்பில் போனால் என்ன செய்கிறீர்கள்?