மச்சான் கொண்டுவந்த பாட்டிலுக்கு மனைவி வண்டி மாட்டிக்கொண்டது, உதவுங்கள்

கடலூர் நண்பர்களே, அவசரம். மச்சான் புதுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் துண்டில் சுற்றி ஆறு குவார்ட்டர் வைத்திருந்தான், தமிழ்நாட்டு எல்லையில் முள்ளோடை தாண்டியதும் பிடித்துவிட்டார்கள். கடை பில்லை நீட்டினானாம், புத்திசாலி! அங்கே பில் போட்டு வாங்கினாலும் இங்கே 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம்தான், அனுமதியில்லாமல் வெளியிலிருந்து கொண்டுவந்தாலே குற்றம். திருட்டு, அடிதடி மாதிரி நாடு முழுக்க ஒரே சட்டம் இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சரி, தப்பு செய்தவன் வழக்கைப் பார்த்துக்கொள்ளட்டும். வண்டி என் மனைவி பேரில், இன்னும் ஏழு மாசம் டியூ பாக்கி, அவளுக்கு எதுவும் தெரியாது. பறிமுதல் செய்து ஏலம் விடவும் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் கையில் இருக்கிறது. மனுவைக் கோர்ட்டில் போடுவதா, மதுவிலக்குப் பிரிவு அதிகாரியிடமா? இப்படி வண்டியை மீட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.